தலைமைச் செயல் அதிகாரிக்கு 80 கோடி: அந்த மடங்குக் கணக்கில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

#1 தரமணி நிழல்

இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கின் 2024-25 ஊதியம் 80.62 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 66.25 கோடி. ஒரே ஆண்டில் ஏறக்குறைய 22 சதவீத உயர்வு. அந்த நிறுவனத்தின் இடைநிலை ஊழியர் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர்) வாங்குவதைப் போல் இது சுமார் 750 மடங்கு.

நான் வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். இந்தத் துறையில் புதிதாகப் பட்டம் முடித்து வருபவருக்கு 2012 வாக்கில் ஆண்டுக்கு மூன்றேகால் லட்சம் கொடுத்தார்கள். இன்றும் பெரும்பாலானோருக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. இதற்கிடையில் வேளச்சேரியில் வீட்டு வாடகை என்ன ஆனது என்று ஏதாவது ஒரு தரகரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு இடைவெளிக்கு நியாயம் உண்டா? உண்டென்றால் எதுவரை? ‘கார்ப்பரேட் கொள்ளை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்களும், ‘திறமைக்குக் கொடுக்கிறார்கள், உனக்கேன் வயிற்றெரிச்சல்’ என்று கேட்பவர்களும் தயவுசெய்து வேறு இழைக்குப் போய்விடுங்கள்.

#2 கூட்டல் கழித்தல்

வயிற்றெரிச்சல் என்று சொல்லமாட்டேன். வகுத்துப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். 2025 மார்ச் இறுதியில் அங்கே சுமார் 3,23,500 பேர் வேலை செய்தார்கள். 80.62 கோடியை அவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்கூடத் தேறாது. மாதம் 208 ரூபாய். அந்த மனிதர் ஒரு பைசாகூட வாங்காமல் வேலை பார்த்தாலும் உங்கள் வேளச்சேரி வாடகையில் ஒரு நாள் பங்குகூடக் கட்டமுடியாது.

அந்த 80 கோடி எப்படி வந்தது என்றும் பாருங்கள். நிலையான ஊதியம் 7.45 கோடி. ஓய்வுக்காலப் பலன் அரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியம் 23.18 கோடி. மீதி 49.5 கோடி, முன்பே ஒதுக்கிய பங்கு அலகுகளை அவர் பங்காக மாற்றிக்கொண்டபோது இருந்த மதிப்பு. பங்கு விலை பாதியாகியிருந்தால் அந்த 49.5 கோடியும் பாதிதான். அது ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுத்த பணம் அல்ல. பங்குதாரர்கள் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தது. அவர்களே சரி என்றால் வெளியில் இருப்பவர்கள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

#3 பி ஷிப்ட்

கூட்டல் கழித்தல் சார், 80 கோடியைப் பிரித்துக் கொடுங்கள் என்று இங்கே யார் கேட்டார்கள்? எங்கள் வாயில் நீங்களே ஒரு கோரிக்கையைப் போட்டு, நீங்களே அதைத் தோற்கடித்துவிட்டீர்கள்.

நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்த கணக்கு போனஸ் கணக்கு. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின்படி (2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த சட்டம்) குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 2015-இல் வந்த திருத்தத்தின்படி மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் சட்டப்படி போனஸே கிடையாது என்றிருந்தது. அதற்குள் இருந்தாலும் முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போடமாட்டார்கள். 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான். 7,000 என்று வைத்துக்கொண்டால் 8.33 சதவீதத்துக்கு ஆண்டு போனஸ் சுமார் 7,000 ரூபாய். 20 சதவீதமே கொடுத்தாலும் 16,800. கம்பெனி லாபம் பத்து மடங்கு ஏறினாலும் சட்டம் அந்த 20-ஐத் தாண்டாது. சங்கம் பலமாக இருக்கிற இடத்தில் பேசிப் பேசிக் கூடுதலாக வாங்குவார்கள். அதற்கு ‘எக்ஸ்கிரேஷியா’ என்று பெயர். நிர்வாகம் மனமிரங்கிக் கொடுத்ததாக அர்த்தம்.

லாபத்தில் பங்கு என்பது எங்களுக்கு வரும்போது மட்டும் உச்சவரம்போடு வருகிறது. இதுதான் என் குறை.

இன்னொன்று. எங்கள் லைனில் ஒரே கன்வேயரில் மூன்று நிறச் சட்டை. நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம். பயிற்சியில் இருப்பவருக்கு வெள்ளை. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சாம்பல். முறுக்குகிற போல்ட் ஒன்று, டார்க் ரெஞ்ச் ஒன்று, தவறாக முறுக்கினால் வாங்குகிற திட்டும் ஒன்று. சம்பளம் மட்டும் மூன்று. நான் சாம்பலில் பல ஆண்டுகள் இருந்து நீலத்துக்கு வந்தவன். 12(3) ஊதிய ஒப்பந்தம் (தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் போடுவது) கையெழுத்தாகிற அன்று கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுப்பார்கள். சாம்பல் சட்டையும் சாப்பிடலாம். ஆனால் ஏறிய சம்பளம் நீலத்துக்கு மட்டும்.

ஆண்டறிக்கையில் ‘இத்தனை மடங்கு’ என்று போடுகிறார்களே, அதில் சாம்பல் சட்டை வருகிறதா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#4 செயலர் மேசை

வருவதில்லை. நான் நிறுவனச் செயலர். இந்தப் பக்கத்தைத் தயாரிக்கிற வேலை என்னுடையது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197(12) பிரிவுப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று வெளியிடவேண்டும். இடைநிலை என்பது சராசரி அல்ல. எல்லா ஊழியரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. 2014-இல் வந்த விதிகள் அந்த ஆண்டில் இடைநிலை எவ்வளவு ஏறியது, நிரந்தர ஊழியர் எத்தனை பேர் என்பதையும் கேட்கின்றன.

சிக்கல் ‘ஊழியர்’ என்பதில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் வழியாக வருபவர் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்ததாரரின் ஆள். எங்கள் வருகைப் பதிவேட்டில் கைரேகை வைப்பார், எங்கள் மேற்பார்வையாளர் சொல்வதைச் செய்வார், ஆனால் எங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கமாட்டார். அவருக்காக நாங்கள் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகை பல நிறுவனங்களின் கணக்கில் ‘ஊழியர் நலச் செலவு’ என்ற தலைப்பில்கூட வராது. ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ், மின்கட்டணத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் அருகில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதன் விளைவைக் கற்பனைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் 1,000 பேர். 400 பேர் நிரந்தரம், ஆளுக்கு மாதம் 60,000. மீதி 600 பேர் ஒப்பந்தம், ஆளுக்கு 15,000. நிர்வாக இயக்குநருக்கு மாதம் 50 லட்சம். அறிக்கையில் வரும் மடங்கு 83. அறுநூறு பேரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 15,000 வாங்குபவர், மடங்கு 333. இதில் வேடிக்கை என்னவென்றால், குறைந்த சம்பளக்காரர்களை நிரந்தரப் பட்டியலிலிருந்து ஒப்பந்தத்துக்குத் தள்ளத் தள்ள, மீதமிருப்பவர்களின் இடைநிலை ஏறும், மடங்கு இறங்கும். காகிதத்தில் அந்த நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு சமத்துவத்தை நோக்கி நடைபோடும்.

இது எங்கோ ஓரிடத்தில் நடப்பதும் அல்ல. தொழிற்சாலைகள் பற்றி மத்திய அரசு நடத்தும் ஆண்டாய்வைப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் பதிவுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இருவர் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள்.

உச்சவரம்பு பற்றி பி ஷிப்ட் கேட்டதற்கும் ஒரு பதில். மேலே இருப்பவர்களுக்கும் வரம்பு உண்டு. இயக்குநர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவீதம், ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் என்றால் 5 சதவீதம். மொத்த வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் மத்திய அரசிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று இருந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அனுமதியை எடுத்துவிட்டது. இப்போது பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களின் ஒப்புதல் போதும்.

#5 கூட்டல் கழித்தல்

செயலர் மேசை சொன்ன தகவல் நல்ல தகவல். ஆனால் அது ஒப்பந்த முறைக்கு எதிரான வாதம். தலைமை அதிகாரியின் ஊதியத்துக்கு எதிரான வாதம் அல்ல. நாளை எல்லாச் சாம்பல் சட்டையையும் நீலமாக்கிவிட்டால் அப்போது 80 கோடி சரியாகிவிடுமா? இரண்டு வழக்கை ஒரே மனுவில் எழுதாதீர்கள்.

#6 பி ஷிப்ட்

இரண்டு வழக்கிலும் எதிர்மனுதாரர் ஒருவர்தான் சார். அவருடைய மாறும் ஊதியம் எதைப் பார்த்து ஏறுகிறது? வருவாய், லாப விகிதம், பங்கு விலை. ஆள்கூலி குறைந்தால் லாப விகிதம் ஏறும். எத்தனை பேரை நிரந்தரமாக்குவது என்று முடிவெடுக்கிற கையெழுத்தும் அவருடையதுதான். நிரந்தரம் ஆக்காமல் விட்டால் அவருக்கு நல்லது, ஆக்கினால் அவருக்குக் குறைவு என்று நீங்களே ஒரு ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறீர்கள். அந்த மாதம் 208 ரூபாய் எங்களுக்கு வேண்டாம். அந்த 23 கோடி எந்த முடிவுகளுக்காகக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

#7 ஓய்வுபெற்ற காசாளர்

தம்பி சொல்வது நெற்றியடி.

நான் பொதுத்துறை வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன். ‘இவ்வளவு கொடுக்காவிட்டால் நல்ல ஆள் கிடைக்கமாட்டார்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். 2022-23 நிதியாண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் நிகர லாபம் 50,232 கோடி. அதன் தலைவர் தினேஷ் காரா அந்த ஆண்டு வாங்கிய சம்பளம் 37 லட்சம். அதே ஆண்டு எச்.டி.எஃப்.சி. வங்கியின் லாபம் 44,109 கோடி. அதன் தலைமைச் செயல் அதிகாரி சசிதர் ஜெகதீசன் வாங்கியது 10 கோடிக்கு மேல். லாபம் அதிகம் வந்த இடத்தில் சம்பளம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். ஸ்டேட் வங்கி ஒன்றும் இழுத்து மூடப்படவில்லையே?

மத்திய அரசை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது ஊதியக் குழு கொடுத்தது கடைநிலைக்கு 18,000, அமைச்சரவைச் செயலருக்கு 2,50,000. பதினான்கு மடங்குக்குள் ஒரு நாட்டையே நிர்வாகம் செய்ய ஆள் கிடைக்கிறார்கள். அந்த வேலைக்குத்தான் லட்சக்கணக்கான பிள்ளைகள் அண்ணாநகரில் பயிற்சி மையம் பயிற்சி மையமாக ஏறி இறங்குகிறார்கள்.

#8 கூட்டல் கழித்தல்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். அரசுத் தலைமைப் பதவியின் ஊதியம் சம்பளச் சீட்டில் மட்டும் இருப்பதில்லை. வீடு, கார், அதிகாரம், ஓய்வுக்குப் பிறகு வந்து சேரும் இயக்குநர் பதவிகள், இவற்றையும் சேருங்கள். 2016 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன், பொதுத்துறையில் கீழ்மட்டத்தில் சந்தையைவிட அதிகமாகவும் மேல்மட்டத்தில் குறைவாகவும் கொடுக்கிறோம், அதனால் வெளியிலிருந்து திறமைசாலிகளை மேலே கொண்டுவர முடியவில்லை என்று மும்பைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். தன் சம்பளமும் குறைவுதான் என்று சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். பொதுத்துறை வங்கிகளின் வாராக்கடன் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதை ஐயாவுக்கு நான் நினைவுபடுத்தவேண்டியதில்லை.

#9 ஓய்வுபெற்ற காசாளர்

வாராக்கடன் எங்கள் சம்பளம் குறைந்ததால் வந்ததா? பெரிய இடத்துக் கடனுக்குக் கையெழுத்துப் போடச்சொல்லி எங்கிருந்து தொலைபேசி வந்தது என்று நான் இங்கே எழுதினால் இழையையே பூட்டிவிடுவார்கள். விடுங்கள்.

#10 தரமணி நிழல்

‘சந்தை விலை’ என்பவர்களுக்கு வங்கி வரை போகவேண்டியதில்லை, எங்கள் துறையிலேயே பதில் இருக்கிறது. இன்ஃபோசிஸைவிட வருவாயில் பெரியது டி.சி.எஸ். அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசனின் 2024-25 ஊதியம் 26.52 கோடி, இடைநிலை ஊழியரைப்போல் சுமார் 330 மடங்கு. பெரிய நிறுவனத்தில் 26, சிறிய நிறுவனத்தில் 80 என்றால் இது எந்தச் சந்தை? ஓரிடத்தில் பங்கு அலகு கொடுக்கிறார்கள், இன்னோரிடத்தில் கொடுப்பதில்லை. அவ்வளவுதான்.

டி.சி.எஸ். நல்லபிள்ளை என்று சொல்லவரவில்லை. 2025 ஜூலையில் 12,000-க்கும் மேற்பட்டோரை அனுப்பப்போவதாக அறிவித்தது அவர்கள்தான். தலைமை அதிகாரியின் மடங்கு பாதியாக இருப்பதால் கீழே இருப்பவருக்குப் பாதுகாப்பு இரட்டிப்பாகிவிடுவதில்லை.

#11 சான் ஹோசே சாரல்

அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் சேர்க்கிறேன். இந்த நோயின் தலைநகரம் இதுதான்.

இங்கே 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் மடங்கை வெளியிடச் சொன்னது. நிறுவனங்கள் இழுத்தடித்ததில் முதல் கணக்கு வெளியே வர 2018 ஆகிவிட்டது. பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வமைப்பின் கணக்குப்படி 1965-இல் பெரிய நிறுவனங்களில் மடங்கு 21 அளவில் இருந்தது. 2023-இல் 290. இடையில் நடந்ததில் ஒரு கூத்தைச் சொல்லவேண்டும். 1993-இல் கிளின்டன் அரசு, உயர் அதிகாரிக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால் அந்தக் கூடுதலுக்கு நிறுவனம் வரிச் சலுகை கேட்கமுடியாது என்று சட்டம் போட்டது. ‘செயல்பாட்டுக்கான ஊதியம்’ என்றால் விலக்கு என்றும் கூடவே எழுதிவைத்தது. எல்லோரும் அந்த விலக்கு வழியாகவே போனார்கள். சம்பளம் 10 லட்சத்தில் நின்றது, பங்கு விருப்பத்தேர்வு (முன்பே குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) வானத்துக்குப் போனது. வரம்பு போட்டதே பங்கு ஊதியத்தைப் பெருக்க உதவியது.

நம் சுந்தர் பிச்சையின் கணக்கையும் பாருங்கள். 2022-இல் அவர் ஊதியம் சுமார் 22.6 கோடி டாலர், இடைநிலை ஊழியரைப் போல் 808 மடங்கு. அடுத்த ஆண்டு 88 லட்சம் டாலர், மடங்கு முப்பதுக்குள் இறங்கிவிட்டது. மனிதர் திடீரென்று தியாகி ஆகவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்கும் பங்கு, கொடுத்த ஆண்டின் கணக்கில் முழுதாக விழுகிறது. ஓர் ஆண்டின் மடங்கை மட்டும் பார்த்துத் திட்டினாலும் பாராட்டினாலும் ஏமாறுவோம். ஆனால் 2023 ஜனவரியில் 12,000 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரலில் இந்த 22.6 கோடி டாலர் அறிக்கை வெளிவந்தபோது உள்ளே இருந்த நண்பர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டார்பக்ஸில் 2024-ஆம் ஆண்டு மடங்கு 6,666. அங்கே பகுதிநேரமாகக் காப்பி போடுகிறவரையும், ஆண்டில் சில மாதமே வேலை செய்தவரையும் வரிசையில் நிறுத்தவேண்டும். அதனால் நடுவில் நிற்பவரின் ஆண்டு வருமானம் 15,000 டாலருக்கும் கீழே. பி ஷிப்ட் கேட்டதற்கு இதில் பாதி பதில் உண்டு: பகுதிநேரம், தற்காலிகம், வெளிநாட்டு ஊழியர் எல்லாம் இங்கே கணக்கில் வருவார்கள். வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு நமக்கு வேலை செய்பவர் மட்டும் வரமாட்டார். ஓட்டை அதே இடத்தில்தான். கூகுள் வளாகத்தில் துப்புரவு செய்பவர் அந்த 808-இல் இல்லை.

#12 பி ஷிப்ட்

அப்படியென்றால் அங்கே காப்பிக் கடைப் பையன் கணக்கில் இருக்கிறான், அதனால் கடைக்குக் கெட்ட பெயர். ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால் நல்ல பெயர். நன்றாக இருக்கிறது.

#13 கூட்டல் கழித்தல்

பங்குதாரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கைதூக்குகிறார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சென்னையில் புல்லட் செய்கிறதே ராயல் என்ஃபீல்டு, அதன் தாய் நிறுவனம் ஐஷர் மோட்டார்ஸ். 2021 ஆகஸ்டில் சித்தார்த்த லால் மீண்டும் நிர்வாக இயக்குநர் ஆவதற்கான தீர்மானம் பொதுக்கூட்டத்தில் தோற்றது. நியமனத்தோடு, லாபத்தில் 3 சதவீதம் வரை ஊதியம் என்பதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 75 சதவீத ஆதரவு தேவை. கிடைத்தது 73-ஐ ஒட்டித்தான். உடனே வரம்பை 1.5 சதவீதமாகக் குறைத்து மறுபடி கொண்டுவந்தார்கள், நிறைவேறியது. ஏறத்தாழப் பாதிப் பங்கைக் கையில் வைத்திருக்கும் குடும்பத்தாலேயே நினைத்ததை முதல் தடவையில் நிறைவேற்ற முடியவில்லை. ஏற்பாடு வேலை செய்கிறது. வெளியிலிருந்து யாரும் மடங்குக்கு வேலி போடவேண்டியதில்லை.

#14 செயலர் மேசை

ஐஷர் விஷயம் சரி. ஆனால் அந்த வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற நிதி நிறுவனங்கள் கேட்டது ‘எங்கள் லாபத்தில் இவருக்கு ஏன் இவ்வளவு’ என்று. திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் வண்டி பூட்டுகிறவருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அவர்கள் வேலையும் அல்ல. மேலே மிச்சம் பிடித்த 1.5 சதவீதம் பங்குதாரருக்குத்தான் போகும், லைனுக்கு இறங்காது.

கீழே இருப்பவரையும் சேர்த்து எடைபோட்டுப் பேசிய ஒரே பெரிய தலை எனக்குத் தெரிந்து நாராயணமூர்த்திதான். 2017 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் தலைமை இயக்க அதிகாரி பிரவீன் ராவுக்கு ஊதியத்தை உயர்த்தியபோது, பெரும்பாலான ஊழியருக்கு 6 முதல் 8 சதவீதம் உயர்வு கொடுத்துவிட்டு மேலிடத்தில் இருப்பவருக்கு 60, 70 சதவீதம் கொடுப்பது முறையல்ல, ஊழியர் நிர்வாகத்தின்மேல் வைத்த நம்பிக்கை போய்விடும் என்று கடிதம் எழுதினார். தீர்மானம் 67 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அது சாதாரணத் தீர்மானம் என்பதால் பாதிக்கு மேல் இருந்தாலே போதும். நிறுவனரின் குரலுக்கே அவ்வளவுதான் மதிப்பு. எட்டு ஆண்டு கழித்து அதே நிறுவனத்தில் 80 கோடி.

#15 ஹட்டன் லயம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குச் சண்டை போட ஒரு மடங்காவது அச்சில் வருகிறது. இங்கே பெருந்தோட்டக் கம்பெனிகளின் அறிக்கையில் உயர் நிர்வாகிகளின் ஊதியம் மொத்தமாக ஒரு தொகையாக நிற்கும். கொழுந்து பறிப்பவர் அதில் எங்கும் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை போராட்டம். 2024 மே மாதம் 1,700 என்று அரசு வர்த்தமானியில் போட்டது, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின, அந்த ஆண்டு அடிப்படை 1,350-இல் வந்து நின்றது. கம்பெனிகள் ஒவ்வொரு முறையும் சொல்வது, சம்பளம் ஏறினால் தோட்டத்தை மூடவேண்டியதுதான் என்று. நிர்வாகத்தின் சம்பளத்தால் எந்தத் தோட்டமும் மூடப்போவதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை.

#16 தரமணி நிழல்

ஹட்டன் தோழர், இதற்குத் தனி இழை வேண்டும். தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.

கூட்டல் கழித்தல் அவர்களே, உங்கள் ‘மாதம் 208 ரூபாய்’க்கு என் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையைப் பாருங்கள். மத்திய நிதி அமைச்சகத்தின் அறிக்கை, செங்கொடிச் சங்கத்தின் துண்டறிக்கை அல்ல. 2023-24-இல் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் ஏறியது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் ஏறியது என்கிறது. ஊதியம் தேங்கிக் கிடப்பதையும், முக்கியமாகத் தொடக்கநிலைத் தகவல் தொழில்நுட்ப ஊழியருக்கு, அதே அறிக்கை குறையாகச் சொல்கிறது. 80 கோடியை மூன்றே கால் லட்சம் பேருக்கு வகுத்தால் 208 ரூபாய்தான். ஆனால் அந்த 80 கோடி ஒரு கூலி. லாபத்தின் பெரும்பகுதி பங்குதாரர் பக்கமே சாய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதற்கான கூலி. வகுக்கவேண்டிய தொகை அந்த லாபம்.

#17 கூட்டல் கழித்தல்

லாபத்தை வகுக்கவேண்டும் என்றால் நஷ்டத்தையும் வகுத்துக்கொள்வீர்களா? வேலையாட்களின் பிழைப்பில் எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்கவேண்டாம். ஆனால் மடங்குக்குச் சட்டப்படி வரம்பு என்ற மருந்து எங்கும் எடுபடவில்லை. சுவிட்சர்லாந்தில் 2013 நவம்பரில் 1:12 என்று பொதுவாக்கெடுப்பே வைத்தார்கள். 65 சதவீத மக்கள் வேண்டாம் என்றார்கள்.

#18 சான் ஹோசே சாரல்

அதே சுவிட்சர்லாந்தில் அதே 2013 மார்ச்சில், உயர் அதிகாரிகளின் ஊதியத்துக்குப் பங்குதாரர் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கி, வேலையை விட்டுப் போகும்போது அள்ளிக்கொடுக்கும் பணத்தைத் தடைசெய்யும் தீர்மானத்துக்கு 68 சதவீதம் ஆதரவு விழுந்தது. பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் வரம்பு போடவில்லை. மடங்கு 100-ஐத் தாண்டினால் நகர வரியில் 10 சதவீதமும் 250-ஐத் தாண்டினால் 25 சதவீதமும் கூடுதலாகக் கட்டு என்றது. 2017 முதல் நடக்கிறது. நிறுவனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடவில்லை. மடங்கும் பெரிதாக இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்கு வரிதான் வந்தது.

#19 பி ஷிப்ட்

வரியெல்லாம் பெரிய இடத்து விஷயம். நான் ஒன்றுதான் கேட்கிறேன். சாம்பல் சட்டையையும் வரிசையில் நிறுத்தி எண்ணுங்கள். அதற்குப் பிறகு 80 கோடியோ 800 கோடியோ, ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

செயலர் ஐயா, எங்கள் கம்பெனியின் மடங்கைத் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. தாய் நிறுவனம் வெளிநாட்டில். இங்கே இருப்பது ‘பிரைவேட் லிமிடெட்’. எங்கே பார்ப்பது?

#20 செயலர் மேசை

பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் மடங்கே போடவேண்டியதில்லை. 197(12) உங்களுக்குப் பொருந்தாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். ஹூண்டாய் இந்தியாவே 2024 அக்டோபரில் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்தப் பக்கத்தை அச்சிடத் தொடங்கியது.

ஆனால் வழியே இல்லை என்பதல்ல. நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் உங்கள் கம்பெனி தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ‘தொடர்புடைய தரப்பினர்’ என்ற குறிப்பில் முக்கிய நிர்வாகிகளுக்குக் கொடுத்த மொத்த ஊதியம் இருக்கும். ‘ஊழியர் நலச் செலவு’ குறிப்பில் நீலச் சட்டையின் செலவு இருக்கும். சாம்பல் சட்டையின் செலவு ‘இதர செலவுகள்’ குறிப்பில் ‘ஒப்பந்தக் கூலி’ என்றோ ‘வேலைக் கூலி’ என்றோ ஒரு வரியில் இருக்கலாம். சில நிறுவனங்கள் அதையும் ‘பலவகைச் செலவு’ என்று கரைத்துவிடும்.

பட்டியலிட்ட நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வழி. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் ‘பொறுப்பு மற்றும் நீடித்த தன்மை’ அறிக்கையைக் கட்டாயம் கொடுக்கவேண்டும். அதில் நிரந்தரமல்லாத தொழிலாளர் எத்தனை பேர், அவர்களில் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் வாங்குவோர் எத்தனை பேர் என்று அட்டவணை உண்டு. மடங்கு இருக்கிற பக்கமும் இந்த அட்டவணையும் ஒரே புத்தகத்தில் தள்ளித் தள்ளிக் கிடக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் அடுத்த 12(3) பேச்சுவார்த்தை எப்போது? அதற்கு முன்பே, கடைசி மூன்று ஆண்டுக் கணக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஆண்டை மட்டும் காட்டினால் ‘அது விதிவிலக்கான ஆண்டு’ என்று மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லிவிடுவார். நானும் சொல்லியிருக்கிறேன்.